ஆசகேல் நனைத்தது சமுக்காளமா? ‘மக்பேர்’ என்ற அரிய எபிரெயச் சொல்

கேள்வி இதுதான். 2 இராஜாக்கள் 8:15-ல் ஆசகேல் ஒரு சமுக்காளத்தை எடுத்துத் தண்ணீரில் தோய்த்து, நோயாய்க் கிடந்த சீரியா ராஜா பெனாதாத்தின் முகத்தில் விரிக்கிறான், ராஜா செத்துப்போகிறான். நியாயாதிபதிகள் 4:18-ல் யாகேல் தன் கூடாரத்துக்குள் வந்த படைத்தலைவன் சிசெராவையும் சமுக்காளத்தினால்தான் மூடுகிறாள். மூலத்தில் இரண்டும் ஒரே சொல்லா? அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? சிலர் தடித்த துணி என்கிறார்கள், சிலர் வலை என்கிறார்கள். எதை நம்புவது?

ஒரே சொல் அல்ல. ஆசகேல் எடுத்தது ‘மக்பேர்’. யாகேல் எடுத்தது ‘செமீகா’. இரண்டுக்கும் வேர் வேறு. இரண்டுமே எபிரெய வேதாகமம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. 1871-ல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு இடத்திலும் ‘சமுக்காளம்’ என்று போட்டதால் தமிழில் மட்டும் இவை ஒன்றாகிவிட்டன. மறுபக்கம், மக்பேருக்கு எபிரெயத்தில் உண்மையான உறவுக்காரச் சொற்கள் மூன்று உண்டு. அவை தமிழில் சல்லடை, வெள்ளாட்டுத்தோல், மறுபடியும் சல்லடை என்று ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன. தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லாராய்ச்சி செய்கிறவர் இல்லாத உறவைக் கண்டுபிடிப்பார், இருக்கிற உறவைத் தவறவிடுவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எண்கள். வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஒரு எண் தரும் ஸ்ட்ராங்ஸ் அகராதி வைத்திருப்பவர்கள் இவற்றைத் திறந்து பாருங்கள். மக்பேர் 4346. பலிபீடத்துச் சல்லடையான மிக்பார் 4345. தாவீதின் கட்டிலில் மீகாள் வைத்த கெவீர் 3523. தானியம் சலிக்கிற கெவாரா 3531. யாகேலின் செமீகா 8063. ஒரு எச்சரிக்கை: ஸ்ட்ராங்ஸில் எண்ணுக்கு எதிரே இருக்கும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி, 1611-ன் கிங் ஜேம்ஸ் பெயர்ப்பு அந்தச் சொல்லை எங்கெங்கே எப்படி மொழிபெயர்த்தது என்ற பட்டியல். மக்பேருக்கு எதிரே ‘தடித்த துணி’ என்று இருப்பதும் அப்படி வந்ததுதான். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு “எபிரெயத்தில் இதற்குத் தடித்த துணி என்று பொருள்” என்று சொன்னால், ஒரு மொழிபெயர்ப்பை அதே மொழிபெயர்ப்பைச் சாட்சியாக வைத்து நிரூபிக்கிறோம்.

ஒரே முறை வரும் சொல்லுக்குப் பொருள் காண மூன்று வழிகள் உண்டு: அதே வேரில் பிறந்த மற்ற சொற்கள், பழைய மொழிபெயர்ப்புகள், சொல் நிற்கும் வாக்கியம். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் விழுவோம் என்பதற்கு இந்தச் சொற்களே நல்ல உதாரணம்.

வேரிலிருந்து தொடங்குவோம். மக்பேர் என்பதன் மெய்யெழுத்துகள் மேம், கஃப், பேத், ரேஷ். முன்னால் நிற்கும் ‘ம’ கருவிகளையும் பொருள்களையும் குறிக்கும் பெயர்களில் வழக்கமாக ஒட்டுகிற முன்னொட்டு. அதைக் கழற்றினால் வேர் க-ப-ர. இதே நான்கு எழுத்துகள், அதே வரிசையில், யாத்திராகமம் 27:4-ல் வருகின்றன. அங்கே உயிரொலி மட்டும் வேறு: மிக்பார். வெண்கலப் பலிபீடத்துக்குச் செய்யச் சொன்ன சல்லடை அது. நம் தமிழ் வேதாகமமும் ‘வலைப்பின்னல்போன்ற ஒரு வெண்கலச் சல்லடை’ என்றுதான் சொல்கிறது. யாத்திராகமத்தில் மட்டும் ஆறு முறை வருகிற இந்தச் சொல்லுக்கு மூலமே விளக்கமும் தந்துவிடுகிறது: ‘மஅசே ரெஷெத்’, அதாவது வலை வேலைப்பாடு. க-ப-ர வேரின் அடிப்படை பின்னுதல், ஊடும் பாவுமாகக் கோத்தல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

எபிரெயம் பழைய காலத்தில் மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. உயிரொலிக் குறிகளை மசோரேத்துகள் என்ற யூத அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்த்தார்கள். ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதியதை நினைத்துக்கொண்டால் விளங்கும்: வாசிக்கத் தெரிந்தவர் புள்ளியைத் தாமே போட்டு வாசிப்பார். ஆகவே பெனாதாத்தின் படுக்கையறையில் இருந்த பொருளும் பலிபீடத்துச் சல்லடையும் எழுத்தில் ஒன்றேதான். வாய்வழி மரபுதான் ஒன்றை மக்பேர் என்றும் மற்றதை மிக்பார் என்றும் பிரித்துக் காத்தது.

இரண்டாவது உறவு கெவாரா (பேத் எழுத்து இங்கே ‘வ’ என்று ஒலிக்கிறது). ஆமோஸ் 9:9-ல், இஸ்ரவேல் வீட்டாரைச் சல்லடையில் சலிப்பதுபோல எல்லா ஜாதிகளுக்குள்ளும் சலிப்பேன் என்று வருகிற இடம். இதுவும் ஒரே முறை வரும் சொல். ஆனால் பிற்கால எபிரெயத்திலும் சல்லடை என்ற பொருளிலேயே தொடர்ந்து வழங்கியதால் இதில் சந்தேகம் இல்லை.

மூன்றாவது கெவீர். இதில்தான் சுவாரசியம் அதிகம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1 சாமுவேல் 19. சவுல் தாவீதைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். மீகாள் கணவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, ஒரு சுரூபத்தைக் கட்டிலில் கிடத்தி, அதன் தலைமாட்டிலே ‘கெவீர் ஹா-இஸ்ஸீம்’ ஒன்றை வைத்து, துப்பட்டியினால் மூடுகிறாள். இஸ்ஸீம் என்றால் வெள்ளாடுகள். தமிழில் ‘வெள்ளாட்டுத்தோல்’ என்று இருக்கிறது. ஆனால் மூலத்தில் தோல் என்ற சொல் இல்லை. ஆடுகள் என்று சொல்லி ஆட்டுமயிரைக் குறிப்பது எபிரெய வழக்கம். ஆசரிப்புக் கூடாரத்துக்கு மேலே போட்ட பதினொரு மூடுதிரைகளைப் பற்றி யாத்திராகமம் 26:7 பேசும்போதும் மூலத்தில் இருப்பது ‘இஸ்ஸீம்’ மட்டுமே. அங்கே தமிழ் சரியாக ‘ஆட்டுமயிர்’ என்று எடுத்துக்கொண்டது. அதே கணக்கில் மீகாள் வைத்ததும் ஆட்டுமயிரால் பின்னிய ஏதோ ஒன்று.

என்ன அது? தலையணை என்றது கிங் ஜேம்ஸ். வலை என்பாரும் உண்டு. பொய்முடிபோல வைத்தாள் என்பாரும் உண்டு. இந்த வசனத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: மூடுவதற்குத் தனியாக ஒரு துணி இருக்கிறது. தமிழில் அது துப்பட்டி, எபிரெயத்தில் ‘பெகெத்’ என்ற சாதாரணச் சொல். ஆகவே கெவீர் இங்கே போர்வை அல்ல. அது இருந்த இடம் தலைமாடு. போர்வைக்கு மேலே தெரியும் தலைப்பக்கம் கறுத்த முடிபோலத் தோன்ற வேண்டும், அதுதான் மீகாளின் தேவை. ஆகவே ஆட்டுமயிர்ப் பின்னல் ஒன்றைத் தலைப்பக்கம் வைத்தாள் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. க-ப-ர வேர் பொருள் செய்யப்பட்ட விதத்தைச் சொல்கிறது. அது போர்த்துவதற்கா, தலைக்கு வைப்பதற்கா, தானியம் சலிப்பதற்கா என்பதைச் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் பலர் “கெவீர் தலையணை, ஆகவே மக்பேரும் தலையணை, ஆசகேல் தலையணையால் அமுக்கிக் கொன்றான்” என்று போகிறார்கள். தலையணையைத் தண்ணீரில் தோய்த்து விரிக்க முடியாது. வாக்கியமே அதைத் தள்ளிவிடுகிறது.

கெவீர் கிரேக்கத்துக்குப் போனபோது நடந்தது இன்னும் பெரிய கூத்து. செப்டுவஜிந்த் என்ற பழைய கிரேக்கப் பெயர்ப்பில் மீகாள் கட்டிலில் வைப்பது வெள்ளாட்டு ஈரல்! காரணம் ஒரு எழுத்து. எபிரெயத்தில் ஈரல் என்பது கஃப், பேத், தாலெத். கெவீர் என்பதில் கடைசி எழுத்து ரேஷ். தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் மேல்மூலையில் ஒரு சின்ன முனைதான். நம் சுவடிகளில் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கிரேக்கப் பெயர்ப்பாளர், அல்லது அவர் கையில் இருந்த பிரதியை எழுதியவர், ரேஷைத் தாலெத்தாக எடுத்துக்கொண்டார். அரிய சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் கண்ணுக்கு முதலில் படும்.

அதோடு நிற்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றை எழுதிய யோசேபஸ் அந்த ஈரலை வைத்துக்கொண்டு காரணமும் சொல்கிறார்: ஈரல் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததால் போர்வை அசைந்தது, வந்தவர்கள் தாவீது மூச்சுவாங்கிக் கிடக்கிறான் என்று நம்பினார்கள். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு எழுத்துப் பிழைக்குப் பிறந்த விளக்கம் அது. ஒரு பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது என்பதாலேயே ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளக்கூடாது. அந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சொல் தெரிந்திருந்ததா, யூகித்தாரா, தவறாக வாசித்தாரா என்று முதலில் கேட்க வேண்டும்.

மக்பேருக்கு வருவோம். இங்கே அதே கிரேக்கப் பெயர்ப்பு மொழிபெயர்க்கவே இல்லை. எபிரெய ஒலியைக் கிரேக்க எழுத்தில் அப்படியே எழுதிவிட்டது. பிரதிகளில் அதுவும் சிதைந்து நிற்கிறது. இதை நான் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துவுக்கு முன்பே, எபிரெயம் படித்த யூத மொழிபெயர்ப்பாளருக்கே இந்தச் சொல் விளங்கவில்லை. பிறகு வந்தவர்கள் தரும் எந்தப் பொருளையும் இதை நினைவில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

யோசேபஸ் இந்தச் சம்பவத்தையும் எழுதுகிறார். அவர் சொல்வது நனைந்த வலை. மிக்பார், வலை வேலைப்பாடு, கெவாரா எல்லாம் அவர் காதில் ஒலித்திருக்க வேண்டும். அராமேய மொழிபெயர்ப்பான தர்கூம் கம்பளப் போர்வை என்று பொருள்படும் ‘கூன்கா’ என்ற சொல்லைப் போடுகிறது. எரோனிமுவின் லத்தீன் மொழிபெயர்ப்பும் போர்வை, விரிப்பு என்ற பக்கமே நிற்கிறது. ஆக ஒரு கட்சி வலை, இன்னொரு கட்சி முரட்டுப் போர்வை. கிங் ஜேம்ஸ் இரண்டாவது கட்சி. நம் சமுக்காளமும் அதே வரிசைதான்.

‘தடித்த’ என்ற அடைமொழியை ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. எபிரெயத்தில் அதே க-ப-ர எழுத்துகளில் ‘கப்பீர்’ என்று இன்னொரு சொல் உண்டு. யோபுவிலும் ஏசாயாவிலும் பெரிய, வலிமையான, மிகுதியான என்ற பொருளில் வரும். அரபியின் கபீரும் அதற்கு இனம். அந்தப் பக்கமிருந்து ‘கனத்த துணி’ என்று வருவிக்கலாம்தான். ஆனால் நெய்பொருள், பின்னல்பொருள் பற்றிய உறவுச்சொற்கள் மூன்று கண்முன்னே இருக்கும்போது, பெருமையைப் பற்றிய சொல்லைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை.

இப்போது மூன்றாவது வழி, வாக்கியம். எபிரெயத்தில் வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன: எடுத்தான், தோய்த்தான், விரித்தான், அவன் இறந்தான். தோய்த்தல் என்பதற்கு வந்திருக்கும் வினை ‘தாவல்’. யோசேப்பின் அங்கியை இரத்தத்தில் தோய்த்த இடத்திலும், ஈசோப்புக் கொழுந்துகளை இரத்தத்தில் தோய்க்கிற இடத்திலும், நாகமான் யோர்தானில் முழுகின இடத்திலும் இதே வினைதான். தண்ணீர் தெளிப்பது அல்ல, உள்ளே முக்கி எடுப்பது. விரித்தல் என்பது துணியைப் பரப்புவதற்கு வருகிற சாதாரண வினை. ஆகவே பொருள் துணி வகை, முக்கி எடுக்கத்தக்கது, முகத்தில் பரப்பத்தக்கது. கல்யாண வீட்டில் பந்தி பந்தியாக ஆட்கள் உட்காரும் பவானி ஜமுக்காளத்தை ஒருவன் தண்ணீரில் முக்கித் தனியாகத் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். பழைய தமிழில் சமுக்காளம் படுக்கையாகவும் பயன்பட்டதுதான், மொழிபெயர்ப்பாளர்கள் மேல் குற்றமில்லை. ஆனால் இன்றைய வாசகர் மனதில் அது தரைவிரிப்பு.

அடுத்தது, மக்பேருக்கு முன் ‘ஹ’ என்ற சுட்டு இடைச்சொல் நிற்கிறது: ஹ-மக்பேர். ஏதோ ஒரு மக்பேர் அல்ல, அந்த மக்பேர். தமிழ் ‘ஒரு சமுக்காளம்’ என்றதில் இந்த நுணுக்கம் காணாமல் போனது. எபிரெயத்தில் இந்தச் சுட்டு எப்போதும் முன்பு சொல்லப்பட்ட பொருளைத்தான் குறிக்கும் என்றில்லை. அந்தச் சூழலில் இருந்தே தீரும் பொருளையும் குறிக்கும். நோயாளி ராஜாவின் கட்டில் என்றால் அதன்மேல் இருக்கிற அந்த மக்பேர். அதனால்தான் இதைப் படுக்கைப் பொருள் என்கிறோம். வசனத்தில் கட்டில் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். படுக்கை என்ற முடிவு இந்தச் சுட்டிலிருந்தும், ராஜா நோயாய் இருந்தான் என்ற செய்தியிலிருந்தும்தான் வருகிறது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். மக்பேர் சல்லடைபோலப் பின்னிய துணி என்றால் அதில் கண் இருக்கும், காற்றுப் போகும். அதை முகத்தில் போட்டால் ஆள் எப்படிச் சாவான்? இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் ‘தடித்த துணி’ பக்கம் ஓடுகிறார்கள். ஆனால் வசனத்திலேயே பதில் இருக்கிறது: தண்ணீர்.

வீட்டில் மைதா சலிக்கிற சன்னக் கண் சல்லடை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். உலர்ந்த சல்லடையை வாய்க்கு எதிரே பிடித்து ஊதினால் காற்று தடையில்லாமல் அப்புறம் போகும், உள்ளங்கையில் படும். அதையே தண்ணீரில் முக்கி எடுங்கள், உதறாதீர்கள். ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் ஒரு மெல்லிய ஏடாக நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும். இப்போது ஊதினால் முதலில் தடுக்கும். அழுத்தி ஊதினால்தான் ஏடு உடைந்து வழிவிடும். ஒரு கைக்குட்டையை உலர்ந்தபோதும் நனைத்த பின்னும் விறைப்பாகப் பிடித்து ஊதிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. (யார் முகத்திலும் போட்டுப் பார்க்க வேண்டாம், விளையாட்டுக்கும் வேண்டாம்.) துணியில் இழைகளுக்கு இடையில் உள்ள சந்துகள் சல்லடைக் கண்ணைவிடச் சிறியவை, ஏடு இன்னும் உறுதியாக நிற்கும். நனைந்த துணி கனத்து, மூக்கோடும் வாயோடும் ஒட்டிக்கொள்ளும். மூச்சை உள்ளிழுக்க இழுக்க இன்னும் நெருங்கி ஒட்டும்.

ஆட்டுமயிர் நெசவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அரபு நாடோடிகளின் கறுப்புக் கூடாரங்கள் ஆட்டுமயிரால் நெய்தவை. வெயில் காலத்தில் உள்ளே படுத்து மேலே பார்த்தால் நெசவின் கண்கள் வழியே வெளிச்சப் புள்ளிகள் தெரியும், காற்றும் வரும். மழை விழுந்ததும் இழைகள் நீர் குடித்துப் பருத்துக் கண்களை அடைத்துக்கொள்ளும், கூடாரம் ஒழுகாது. மக்பேர் ஆட்டுமயிரால் ஆனது என்று வசனம் சொல்லவில்லை. அதை வசனத்துக்குள் திணிக்கக்கூடாது. ஆனால் கெவீர் ஆட்டுமயிர் என்று மூலமே சொல்வதால், அதன் உறவான மக்பேரும் அந்த வகை முரட்டு நெசவாக இருக்க நிறைய இடம் உண்டு. அப்படியானால் ஆசகேல் ஏன் தண்ணீரைத் தேடினான் என்பது சொல்லின் வேரிலேயே இருக்கிறது. உலர்ந்திருந்தால் மூச்சுவிடத்தக்க பொருள். நனைத்தால் அடைபடும் பொருள். தடித்த, காற்றுப் புகாத துணியாக இருந்திருந்தால் நனைக்க வேண்டிய தேவையே குறைவு. ஆகவே ‘சல்லடை’ வேரும் மூச்சடைப்பும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல, ஒன்றை ஒன்று தாங்குகின்றன என்பது என் கருத்து.

யோசேபஸ் சொன்ன வலையை இதனால்தான் அப்படியே ஏற்க முடியவில்லை. கட்டிலுக்கு மேலே கொசுவலை போடுவது அந்த உலகில் இருந்ததுதான். கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள யூதித்து நூலில் சேனாபதி ஓலோபெர்னின் கட்டிலுக்கு மேலே அப்படி ஒரு வலை விதானம் தொங்குகிறது. யூதித்து அவன் தலையை வெட்டிய பின் அதையும் இறக்கி எடுத்துப் போகிறாள். ஆனால் அது பிற்காலத்து நூல், கிரேக்கச் சொல். பெரிய கண் உள்ள வலையை ஒற்றை மடிப்பாக நனைத்துப் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும், மூச்சு நிற்காது. நெருங்கிய நெசவாக இருக்க வேண்டும். அப்போது நாம் அதைத் தமிழில் வலை என்று சொல்லமாட்டோம்.

ஆசகேல் கொல்லத்தான் செய்தானா என்றும் ஒரு கேள்வி உண்டு. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது எங்கும் உள்ள கைவைத்தியம். ஜெனீவா ஆங்கில வேதாகமத்தின் ஓரக்குறிப்பு, இதம் செய்வதுபோலப் பாசாங்கு செய்து மூச்சை அடைத்துவிட்டான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. எபிரெயம் ‘கொன்றான்’ என்ற வினையைப் பயன்படுத்தவில்லை. ‘எடுத்தான்’ என்பதற்கு எழுவாயாக ஆசகேலின் பெயரும் அந்த இடத்தில் இல்லை. அடுத்து ‘ஆசகேல் அவனுக்குப் பதிலாக ராஜாவானான்’ என்ற இடத்தில்தான் பெயர் வருகிறது. இதை வைத்து, ராஜாவே ஈரத்துணியைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டான் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் முந்தின வசனத்தில் தீர்க்கதரிசி எலிசாவை விட்டு வந்து ராஜாவிடம் பேசுகிறவன் ஆசகேல். வினைகள் அவனிடமிருந்தே தொடர்கின்றன. அதற்கும் முன்னால் எலிசா அவனை உற்றுப் பார்த்து அழுததும் இருக்கிறது. அசீரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசரின் கல்வெட்டு ஒன்று, தமஸ்குவின் அதாத்-இத்ரி (இவனே பெனாதாத் என்று பலர் கருதுகிறார்கள்) மாண்டான், ‘யாருமல்லாதவனின் மகன்’ ஹசாயிலு (ஆசகேல்) அரியணையைப் பிடித்தான் என்று பதிகிறது. அரச குலத்தில் பிறக்காதவன் என்ற ஏளனம் அது. எப்படி மாண்டான் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

இனி யாகேலின் செமீகா. இதற்கு மக்பேரைப்போல உறவுச்சொற்களின் துணை இல்லை. அதனால் சொல்வதற்கும் குறைவு. கிரேக்கத்தில் நியாயாதிபதிகள் நூலுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று ‘போர்த்தும் துணி’ என்று பொதுவாகச் சொல்கிறது. மற்றது ‘தெர்ரிஸ்’ என்கிறது. யாத்திராகமம் 26:7-ல் ஆட்டுமயிர் மூடுதிரைக்குக் கிரேக்கம் போட்ட அதே சொல். ஆகவே அந்தப் பெயர்ப்பாளர் கூடாரத்துத் திரையையே யாகேல் எடுத்துப் போர்த்தியதாக நினைத்தார். எரோனிமு மேலங்கி என்றார், கிங் ஜேம்ஸும் அப்படியே. ரப்பிகளின் லேவியராகம விளக்கமான வாயிக்ரா ரப்பாவில் ரேஷ் லாகிஷ் என்ற ஆசான் வெளிப்படையாகச் சொல்கிறார்: வேதம் முழுவதும் தேடினோம், செமீகா என்ற பெயரில் ஒரு பொருளும் அகப்படவில்லை. பிறகு அவர் அந்த எழுத்துகளைப் பிரித்து ‘ஷெமீ கோ’, அதாவது ‘என் நாமம் இங்கே’ என்று வாசித்து, அந்தத் துஷ்டன் யாகேலைத் தொடவில்லை என்பதற்குத் தேவனுடைய நாமமே சாட்சி என்கிறார். அது பிரசங்க விளக்கம், அகராதி விளக்கம் அல்ல. அவரும் அதை அகராதியாகச் சொல்லவில்லை.

செமீகாவில் விழ வேண்டாத குழி ஒன்று. இன்றைய இஸ்ரவேலில் ‘ஸ்மீகா’ என்றால் போர்வை, கடையில் கேட்டால் கம்பளியை எடுத்துக் கொடுப்பார்கள். “இன்றும் அந்தச் சொல் வழக்கில் இருக்கிறதே, பிறகென்ன சந்தேகம்?” என்று கேட்பார்கள். அந்த வழக்கே இந்த ஒரு வசனத்திலிருந்து எடுத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். ரேஷ் லாகிஷுக்குத் தெரியாமல் போன சொல்லுக்கு இன்றைய கடைக்காரர் சாட்சி சொல்ல முடியாது. இன்னொன்று: கைகளை வைத்து ரப்பிப் பட்டம் தருவதையும் ‘ஸ்மீகா’ என்பார்கள். அது ‘சாமெக்’ எழுத்தில் தொடங்கும், யாகேலின் சொல் ‘சின்’ எழுத்தில். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் முடிச்சுப்போட்டு “யாகேல் சிசெராவின்மேல் கைவைத்தாள்” என்று பிரசங்கம் கட்ட வேண்டாம்.

படுக்கைச் சொற்கள் ஏன் இப்படி ஒன்றிரண்டு முறை மட்டும் வந்து விளங்காமல் நிற்கின்றன என்று கேட்கலாம். சாதாரண இஸ்ரவேலனுக்குத் தனிப் போர்வை கிடையாது. பகலில் உடுத்திய மேல்வஸ்திரமே இரவில் போர்வை. அதனால்தான் யாத்திராகமம் 22:26-27, அடகாக வாங்கின வஸ்திரத்தைப் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடுத்துவிடு, வேறு எதைப் போர்த்திப் படுப்பான் என்று கேட்கிறது. கட்டில், அதற்கென்று விரிப்பு, அதற்கென்று போர்வை எல்லாம் அரண்மனைக்கும் செல்வருக்கும் உரியவை. நீதிமொழிகள் 7:16-ல் பரஸ்திரீ மஞ்சத்தில் விரிக்கும் ‘மர்வத்தீம்’ அப்படிப்பட்டதுதான். தமிழில் இரத்தினக் கம்பளம். அதுவும் நீதிமொழிகளைத் தவிர வேறெங்கும் இல்லை, அங்கேயும் இரண்டே முறை. பேசுவதற்கு வாய்ப்புக் குறைவான பொருளுக்குச் சொல்லும் எழுத்தில் குறைவாகத்தான் பதியும்.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? மக்பேருக்கு ‘கம்பளி’ ஓசையிலும் தோற்றத்திலும் நெருங்கி வருகிறது, ஆனால் அது ஆட்டின் உரோமம் என்பதை உறுதி செய்துவிடும். மூலம் அந்த அளவுக்குப் போகவில்லை. ‘வலை’ என்றால் கண் பெரிதாகிவிடும். ‘சமுக்காளம்’ தரைக்கு இறங்கிவிடும். ‘மறுநாள் அவன் கட்டிலில் கிடந்த முரட்டுப் போர்வையை எடுத்து, தண்ணீரில் முக்கி, அவன் முகத்தின்மேல் விரித்தான், அவன் இறந்தான்’ என்று எழுதலாம். சுட்டு இடைச்சொல்லுக்கு ஈடாகக் ‘கட்டிலில் கிடந்த’ என்பது வருகிறது, நெசவுக்கு ஈடாக ‘முரட்டு’ வருகிறது. அடிக்குறிப்பாக, “எபிரெயத்தில் மக்பேர், பலிபீடத்தின் சல்லடையைக் குறிக்கும் சொல்லோடு (யாத். 27:4) ஒரே எழுத்துகள்” என்று ஒரு வரி போட்டுவிட்டால் வாசகர் தாமே அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார். நியாயாதிபதிகள் 4:18-ல் வெறும் ‘போர்வை’ போதும். அங்கே அதற்குமேல் ஒரு அடைமொழி சேர்த்தாலும் அது நாம் சேர்த்ததாகவே இருக்கும்.